அத்தையுடன் இரு நாட்கள்



நான்காம் ஆண்டு மாணவர்க்கு நாம் ஆண்டுதோறும் கொடுக்கும் கட்டுரைத் தலைப்புகளுள் ஒன்று, "வார விடுமுறையை நான் கழித்த விதம்" என்பது. முப்பது ஆண்டுகளாக இத்தலைப்பில் வரும் கட்டுரைகளைத் திருத்தி வருகின்றோம். பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. கதிரவன் கிழக்கே உதிப்பான். தந்தையார் மகிழுந்தைச் செலுத்துவார். கடற்கரையில் மணல் வீடு கட்டுவர். மாலையில் களைப்புடனும் களிப்புடனும் இல்லம் திரும்புவர். இவ்வாறு எழுதிய பிள்ளைகள் பலரின் வீட்டில் மகிழுந்து இல்லை. மோட்டார் சைக்கிள்தான் உண்டு. கடலைக் கண்டவரோ மிகச் சிலர். மாதிரிக் கட்டுரை நூலை மனனம் செய்து எழுதினர் என்பதை நாம் அறிவோம். அறிந்தும், எழுத்துப்பிழை இல்லையாயின் நல்ல மதிப்பெண்ணே வழங்கி வந்தோம்.

2024ஆம் ஆண்டில் மாணவி ஒருத்தி இத்தலைப்பில் மூன்றே வாக்கியங்கள் எழுதியிருந்தாள். "வெள்ளிக்கிழமை துணி துவைத்தேன். சனிக்கிழமை தங்கையைப் பார்த்துக்கொண்டேன். அத்தை வரவில்லை." மூன்றாம் வாக்கியத்தை நாம் சிவப்பு மையால் வட்டமிட்டு, "தலைப்புக்குப் பொருந்தாது" என்று எழுதினோம். மதிப்பெண்ணும் குறைவாகவே இட்டோம். அவ்வாக்கியமே தலைப்புக்கு மிகப் பொருந்தியது என்பது மறு ஆண்டில்தான் நமக்கு விளங்கிற்று.

அம்மாணவியின் தந்தைக்கு ஒரே தங்கை. இதே தோட்டத்துச் செம்பனைக் காட்டில் தாய்க்கு உதவியாக உதிரிப்பழம் பொறுக்கி வளர்ந்தவர். இதே பள்ளியில் பயின்றவர். இப்பொழுது ஜொகூர் பாருவில் ஓர் அடுக்குமாடி வீட்டில் வாடகைக்கு இருந்துகொண்டு, நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் பணிபுரிகின்றார். அண்ணன் மக்களாகிய இரு பெண்கள் மீதும் அவருக்கு உயிர். எனினும் அவர் தோட்டத்திற்கு வருவது அரிதாக இருந்தது. "சிங்கப்பூர்க் காசைக் கண்டவளுக்கு உறவு எதற்கு?" என்று பாட்டியார் முணுமுணுப்பதைப் பேத்திகள் கேட்டு வளர்ந்தனர்.

உண்மைக் காரணம் வேறு. அது நாட்காட்டியில் இருந்தது.

பெற்றோர் பலர் இதனை அறிவர். மாணவர் அறியும்பொருட்டுச் சற்று விரித்துரைக்கின்றோம். நாம் சிறுவராயிருந்த காலத்தில் ஜொகூர் மாநிலத்தில் வெள்ளிக்கிழமையே பள்ளி விடுமுறை. 1994ஆம் ஆண்டில் அது சனி, ஞாயிறாக மாறியது. 2014 ஜனவரி 1 முதல் மீண்டும் வெள்ளியும் சனியும் ஆயின. 2025 ஜனவரி 1 முதல் மறுபடியும் சனி, ஞாயிறு. இடைப்பட்ட அப்பதினோராண்டுக் காலத்தில் அரசு அலுவலகங்களும் பள்ளிகளும் வெள்ளியன்று மூடியிருக்க, சிங்கப்பூரிலும் பல தனியார் தொழிற்சாலைகளிலும் வேலை செய்வோர்க்கு ஞாயிறே ஓய்வு நாளாக இருந்தது. தந்தை வீட்டிலிருக்கும் நாளில் பிள்ளை பள்ளியில். பிள்ளை வீட்டிலிருக்கும் நாளில் தந்தை வேலையில். இந்நிலையில் ஜொகூரில் எத்தனையோ குடும்பங்கள் வாழ்ந்தன. நம் மாணவியின் அத்தைக்கும் பிள்ளைகளுக்கும் பொதுவாக இருந்தது சனிக்கிழமை ஒன்றே. அதிலும் பெரும்பாலும் ஓவர்டைம் வேலை வந்துவிடும். மூத்தவளுக்கு அறிவு தெரிந்த நாள் முதல் பள்ளி விடுமுறை என்றால் வெள்ளியும் சனியும்தான். ஆதலின் அத்தை வாராமை, மழை பெய்வது போல் இயல்பான ஒன்றாகிவிட்டது.

ஈண்டு ஓர் இடைப்பிறவரல். ஓய்வு நாள் என்பது வானத்திலிருந்து விழுந்ததன்று. அமெரிக்காவில் மகிழுந்து செய்யும் ஹென்றி ஃபோர்டு தம் ஆலைத் தொழிலாளர்க்கு வாரம் ஐந்து நாள் வேலை என வகுத்தது 1926ஆம் ஆண்டில்தான். நம் நாட்டில் அரசு ஊழியர்க்கு ஐந்து நாள் வேலை வாரம் 2005 ஜூலையில் வந்தது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் தொழிலாளிக்கு வாரம் ஒரு முழு ஓய்வு நாளை உரிமையாக்கியிருக்கின்றது; அச்சட்டத்தின் கீழ் வார வேலை நேரத்தின் உச்ச வரம்பு 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது 2023 ஜனவரி 1 முதல். ஓய்வு கிடைத்தால் மட்டும் போதாது. வேண்டியவர்க்கும் அதே நாளில் ஓய்வு கிடைத்தல் வேண்டும். இதனைச் சட்டநூலில் நாம் கற்கவில்லை. நம் மாணவியிடம் கற்றோம்.

2025ஆம் ஆண்டில் ஒரு சனிக்கிழமை அத்தை வந்தார். விடியற்காலைப் பேருந்தில் லார்க்கின் நிலையத்திலிருந்து புறப்பட்டுக் குளுவாங் வந்திறங்கினார். தந்தையார் முதலில் இசையவில்லை. "பெண் பிள்ளைகளை வெளியில் தங்க விடுவதா?" என்றார். "அண்ணா, நான் யார்? வேற்றாளா?" என்று தங்கை கேட்ட கேள்விக்கு அவரிடம் விடை இல்லை. இரண்டு உடுப்பும் பல்துலக்கியும் ஒரு நெகிழிப்பையில் போட்டுக்கொண்டு பிள்ளைகள் பேருந்து ஏறினர். நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட அவ்வழியில் இளையவள் இரு முறை வாந்தி எடுத்தாளாம். கட்டுரையில் இதுவும் இருந்தது. மாதிரிக் கட்டுரை நூலில் எவரும் வாந்தி எடுப்பதில்லை.

பிற்பகலில் ஜொகூர் விலங்குக்காட்சிசாலைக்குச் சென்றனர். சுல்தான் இப்ராஹிம் அவர்கள் 1928ஆம் ஆண்டில் அமைத்த இது, தென்கிழக்காசியாவின் மிகப் பழைய விலங்குக்காட்சிசாலைகளுள் ஒன்று. பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது 1962இல். (வீடு திரும்பிய பின் பாட்டியார், "குரங்கைப் பார்க்கவா காசு கொடுத்தீர்கள்? கொல்லைப்புறத்தில் இலவசமாக வருகின்றனவே!" என்று வினவினாராம்.)

அந்தி வேளையில் நீரிணைக் கரையில் நின்றனர். அங்கே அத்தை கையை நீட்டி, நீரின் மேல் நேராகச் செல்லும் பாலத்தைக் காட்டினார். மாணவர்களே, அதன் நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம். 1924 ஜூன் 28இல் முறைப்படி திறக்கப்பட்டது. அதற்கு முன் இரயில் பெட்டிகளையும் படகில் ஏற்றித்தான் அக்கரை சேர்த்தனர். இன்று அதன் வழியே நாள்தோறும் இலட்சக்கணக்கானோர் கடக்கின்றனர்.

மூத்தவள் எழுதியிருந்ததை அவள் சொற்களிலேயே தருகின்றோம்: "அத்தை, நீங்கள் தினமும் இதில்தான் போவீர்களா என்று கேட்டேன். ஆமாம், காலை நான்கு மணிக்குக் கிளம்புவேன், அப்போதே வரிசை இருக்கும் என்றார். எத்தனை மணிக்கு வருவீர்கள் என்றேன். இருட்டிய பிறகு என்றார். உங்களுக்கு எப்போது லீவு என்றேன். ஞாயிறு என்றார். அப்போது எனக்குத் தெரிந்தது. அத்தை எங்களை மறக்கவில்லை. அத்தைக்கு ஞாயிறு, எங்களுக்கு வெள்ளி."

இப்பகுதியைத் திருத்த நாம் பேனாவை எடுக்கவில்லை. 'லீவு' என்ற சொல்லையும் விட்டுவிட்டோம்.

அன்றிரவு மூவரும் ஒரே பாயில் படுத்தனர். மறுநாட் காலை அருள்மிகு ஸ்ரீ ராஜகாளியம்மன் ஆலயத்திற்குச் சென்றனர். 1922ஆம் ஆண்டில் எளிய கொட்டகையாகத் தொடங்கிய இவ்வாலயம் இன்று சுவரும் தூணும் விதானமும் கண்ணாடித் துண்டுகளால் இழைக்கப்பட்டு, 'கண்ணாடிக் கோயில்' என்று வழங்குகின்றது. அத்துண்டுகள் சுமார் மூன்று இலட்சம் என்பர். இளையவள் ஒரு தூணில் தன் முகம் எத்தனை என்று எண்ணத் தொடங்கி, அறுபத்து மூன்றில் கணக்குத் தவறி, மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கினாளாம். அத்தை காத்திருந்தார். பின்னர் ஒரு கடையில் ஆளுக்கொரு பொருள் எடுத்துக்கொள்ளச் சொன்னார். மூத்தவள் எதை எடுப்பது என்று தெரியாமல் ஏறக்குறைய ஒரு மணி நேரம் நின்றாள். அங்கேயும் அத்தை காத்திருந்தார். வகுப்பறையில் ஒரு கேள்வி கேட்டுவிட்டு நாம் அரை நிமிடம் காத்திருப்பதில்லை என்பதை எண்ணிப் பார்க்கின்றோம். தாய்க்கும் நேரமில்லை, அவர் ஆறு மணிக்குப் பிரட்டுக்குச் செல்ல வேண்டியவர்.

ஞாயிறு பிற்பகல் அத்தை அவர்களைத் திரும்பக் கொணர்ந்து விட்டுவிட்டு, அடுத்த பேருந்தில் தனியே திரும்பினார். கணக்குப் பாடத்தில் ஆர்வமுள்ளோர் கூட்டிப் பாருங்கள்: போக, வர, போக, வர என நான்கு பயணம். ஒரு பயணம் இரண்டு மணி நேரம். தம் இரு நாள் ஓய்வில் எட்டு மணி நேரத்தை அவர் பேருந்திலேயே செலவிட்டார். திங்கட்கிழமை காலை நான்கு மணிக்கு அவர் மீண்டும் பாலத்தின் வரிசையில் நின்றிருப்பார்.

இனி, சொற்பாடத்திற்கு வருவோம். நம் பிள்ளைகள் இப்பொழுது அத்தையையும் 'ஆன்ட்டி' என்கின்றனர், சின்னம்மாவையும் 'ஆன்ட்டி' என்கின்றனர், பள்ளிச் சிற்றுண்டிச்சாலை அம்மையாரையும் அவ்வாறே அழைக்கின்றனர். தமிழில் இவை ஒன்றல்ல. தாயின் அக்காள் பெரியம்மா. தாயின் தங்கை சின்னம்மா அல்லது சித்தி. இச்சொற்களுக்குள்ளே 'அம்மா' இருப்பதைக் காண்க. அவர்களுக்கு நீங்கள் மகள், மகனே. தந்தையின் உடன்பிறந்தாளோ அத்தை. அவருக்கு நீங்கள் மருமகள், மருமகன். மகனின் மனைவியையும் மருமகள் என்றே அழைப்பது, அண்ணன் மகளையே மகனுக்கு மணமுடித்த பழைய வழக்கத்தின் சுவடு. அவ்வழக்கம் அருகிவிட்டது, சொல் நிற்கின்றது. தாலாட்டிலும் மாமனுக்கு அருகே அத்தைக்கு ஓரிடம் உண்டு.

அமெரிக்க அறிஞர் லூயிஸ் ஹென்றி மார்கன் 1871இல் வெளியிட்ட நூலில் தமிழரின் இம்முறைப்பெயர்களை ஆராய்ந்து, வட அமெரிக்கப் பழங்குடியினராகிய இரோகுவாய் மக்களிடமும் இதனையொத்த அமைப்பு இருப்பதைக் கண்டு வியந்தார். அவ்வளவு தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நம் சீன அண்டைவீட்டார் தந்தையின் சகோதரியைக் 'கூ' என்றும் தாயின் சகோதரியை 'யீ' என்றும் பிரித்தே அழைக்கின்றனர். மலாய்க்காரர் வேறு வகையில் பிரிப்பர்: மூத்தவர் மாக் லோங், நடுவர் மாக் ஙா, கடைக்குட்டி மாக் சு. இலத்தீன் மொழியிலும் தந்தையின் சகோதரி 'அமிதா', தாயின் சகோதரி 'மாதெர்தெரா' என இரு சொற்கள் இருந்தன. ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தது முதற்சொல்லின் மரபு மட்டுமே. ஆக, 'ஆன்ட்டி' என்னும் சொல்லும் ஒரு காலத்தில் அத்தையாகவே இருந்தது!

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நமக்கு முதலிற் கற்பித்தது, "அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்க" என்பது. அதனை வாய்ப்பாடு போல் ஒப்பித்துத் தேர்ச்சியும் பெற்றோம். ஆயினும் மகிழுந்தே இல்லாத பிள்ளையிடம் மகிழுந்துப் பயணத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். மூன்று வாக்கியம் எழுதியவள், அத்தையுடன் சென்று வந்த பின் மூன்று பக்கம் எழுதினாள். பிழைகள் பல இருந்தன; எழுத வேண்டிய செய்தியும் இருந்தது.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். நகரத்திலிருக்கும் உங்கள் தங்கையோ மனைவியின் தங்கையோ பிள்ளைகளை இரண்டு நாள் அழைத்துச் செல்லக் கேட்டால், 'துணி யார் துவைப்பது, தம்பியை யார் பார்ப்பது' என்று உடனே மறுத்துவிடாதீர்கள். அவர் பேருந்துக் கட்டணத்தையும் தம் தூக்கத்தையும் கொடுத்து அதனைக் கேட்கின்றார். கூடுமாயின் போக்குவரத்துச் செலவில் ஒரு பகுதியையேனும் நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். பெற மறுத்தாலும் கொடுத்துப் பாருங்கள்.

ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்க்குப் பயிற்சி: உங்கள் அத்தை, பெரியம்மா, சின்னம்மா ஆகியோருள் ஒருவரிடம் அவர் எத்தனை மணிக்கு எழுகின்றார், எந்நாள் ஓய்வு, சிறு வயதில் அவரை அழைத்துச் சென்றவர் யார் எனக் கேட்டறிந்து, ஒன்றரைப் பக்கத்திற்குக் குறையாமல் எழுதுக. அத்தை வாராதிருந்தால், வாராத காரணத்தைக் கேட்டு எழுதுக. மாதிரிக் கட்டுரை நூலைப் பார்த்தல் வேண்டா.