சோலார் பம்பு செட்டில் தண்ணீர் குறைகிறதா?

2019-ல் தொடங்கிய பி.எம்.குசும் திட்டத்தின் கீழ், வேளாண்மைப் பொறியியல் துறை மூலம் மானியம் பெற்று சேலம், நாமக்கல் பகுதி விவசாயிகள் பலர் சோலார் பம்பு செட்டு அமைத்துள்ளனர். சித்திரையில் நன்றாக இறைத்த மோட்டார், சின்ன வெங்காயம் திரளும் மார்கழியில் கடைசிப் பாத்திக்கு எட்டாமல் போவதுண்டு. கூடுதல் பேனலுக்காகக் கடன் வாங்கும் முன், கீழ்க்கண்டவற்றைக் கவனித்தல் வேண்டும்.

முதலில் நிழல். பேனலில் உள்ள செல்கள் ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கப்பட்டவை. வாய்க்காலில் ஓரிடத்தில் மண் சரிந்தால் கடைமடை முழுவதும் காய்வது போல, ஒரு செல்லில் விழும் நிழல் அந்த வரிசையின் மின்சாரத்தையே குறைக்கும். ஒரு தென்னை மட்டையின் நிழல் போதும். காய்ந்த காக்கை எச்சமும் கெடுதலே.

மார்கழியில் நண்பகல் சூரியன் உச்சியிலிருந்து ஏறக்குறைய 35 டிகிரி தெற்கே சாய்ந்து நிற்கும். அப்போது 40 அடி தென்னையின் நிழல் வடக்கே 28 அடி நீளும். காலை 9 மணிக்கு வடமேற்கே 60 அடிக்கு மேல் போகும். சித்திரையில் இடம் பார்த்துக் கால் நட்டவர்களுக்கு இது தெரிவதில்லை. ஆகவே மார்கழியில் ஒரு நாள் காலை முதல் மாலை வரை நிழல் விழும் இடத்தைப் பார்த்து, தெற்குப் பக்கத்து மரங்களைக் கழித்துவிட வேண்டும். பேனல் வாங்குவதைவிட இதற்குச் செலவு மிகக் குறைவு.

மின்சாரம் சற்றுக் குறைந்தால் தண்ணீரும் சற்றே குறையும் என எண்ணுவது தவறு. மோட்டாரின் வேகம் 80 சதமானால், பம்பு நீரைத் தள்ளும் உயரம் 64 சதமாகிவிடும். ஆழமான போர்களில் மோட்டார் ஓடும், குழாயில் தண்ணீர் வராது.

அடுத்தது தூசி. கோழிப்பண்ணை, கல் குவாரி, மண் சாலை ஓரங்களில் வாரம் ஒருமுறை கழுவுதல் நலம். விடியற்காலையில் மட்டும் கழுவவும். வெயிலில் சுட்ட கண்ணாடி மீது குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விடலாம். உப்பு மிகுந்த போர் தண்ணீர் வெள்ளைப் படலம் விடும். மழைநீர் சிறந்தது, இல்லையேல் ஈரம் காயுமுன் பருத்தித் துணியால் துடைத்துவிட வேண்டும். தேங்காய் நார், சோப்புத்தூள் கூடாது.

பேனலுக்கு வேண்டியது வெளிச்சமே, சூடு அல்ல. 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதம் திறன் குறையும். பேனல் 60 டிகிரி சுட்டால் 14 சதம் போய்விடும். எனவே மோட்டார் அறைத் தகரத்தின் மேல் ஒட்டிப் பதிக்காமல், அடியில் காற்றோட இடம் விட வேண்டும்.

நம் பகுதிக்குத் தெற்கு நோக்கிய 11 அல்லது 12 டிகிரி சாய்வு ஆண்டு முழுவதற்கும் பொருந்தும். சாய்வை மாற்றும் வசதி இருந்தால், ஐப்பசி முதல் மாசி வரை 25 டிகிரி வைக்கலாம். சித்திரை முதல் வாரத்திலிருந்து ஆவணி முதல் வாரம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே செல்வதால், தண்ணீர் வடியும் அளவுக்கு 5 டிகிரி போதும்.

ஓர் எச்சரிக்கை. மோட்டாரை நிறுத்தினாலும், வெளிச்சம் உள்ளவரை பேனல் கம்பிகளில் உயிரைப் பறிக்கும் மின்சாரம் இருக்கும். எலி கடித்த கம்பி தென்பட்டால் தொடாமல், கழுவாமல், நிறுவிய கம்பெனியின் ஆளை வரவழைக்கவும்.