கேபினட்டைத் தொட்டால் ஷாக் அடிக்கிறதா? ஏரிக்கரை வீடுகளுக்கு ஒரு ரீவயரிங் பாடம்

கம்ப்யூட்டர் கேபினட்டைத் தொடுகையில் விரல் சுருக்கென்று இழுக்கிறதா? இதனை சிஸ்டத்தின் கோளாறு எனக் கருதி, நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கழற்றிப் போட்டுப் புதிது வாங்குபவர்கள் பலர் உண்டு. புதியதைப் பொருத்திய பிறகும் ஷாக் நிற்காது. ஏனெனில் குறை பெரும்பாலும் சுவரில்தான் இருக்கிறது.

எஸ்.எம்.பி.எஸ்.ஸின் உள்ளே, மின் இரைச்சலை வடிகட்டுவதற்காக, ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் கேபினட்டுக்கு இரு சிறிய கெபாசிட்டர்கள் இணைக்கப்பட்டிருக்கும். எர்த் இருந்தால் அவற்றின் கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லை எனில் கேபினட் 230 வோல்ட்டில் பாதியளவான 115 வோல்ட்டில் நிற்கும். கசியும் மின்சாரம் மிகக் குறைவு என்பதால் இது சுருக்கென்பதோடு போகும். ஆனால் உள்ளே ஒரு ஒயரின் இன்சுலேஷன் போய்விட்டால், அதே கேபினட் முழு 230 வோல்ட்டுடன் காத்திருக்கும்.

பழவேற்காடு ஏரியை ஒட்டிய கூனங்குப்பம், அரங்கம்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம் போன்ற மீனவக் கிராமங்களில் இந்தக் குறை சீக்கிரம் வரும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உவர்நீர் ஏரி. உப்புக் காற்று செம்பில் பச்சை பூக்க வைக்கும்; ஸ்விட்ச் போர்டு ஸ்க்ரூக்களைத் துருப்பிடிக்க வைக்கும். துருவேறிய இணைப்பு சூடாகும். சூடான இணைப்பு மேலும் தளரும். 2004 சுனாமிக்குப் பின் கடற்கரையோரம் கட்டப்பட்ட வீடுகளுக்கு இப்போது இருபது வயதாகிவிட்டது. ஒயரிங்கை மாற்றிட வேண்டிய நேரம் இது.

மாற்றும்போது ஒன்றை மனதில் வைத்துக் கொள்ளுங்கள். எம்.சி.பி. என்பது உங்களையோ கம்ப்யூட்டரையோ காப்பதற்காக வைக்கப்படுவது அல்ல. சுவருக்குள் ஓடும் ஒயரைக் காப்பதற்காக வைக்கப்படுவது. எனவே எம்.சி.பி.யின் ஆம்பியர், ஒயர் தாங்கும் ஆம்பியரைத் தாண்டக் கூடாது. பழைய ஃப்யூஸ் கேரியரில் ஒயரை இரண்டு மூன்றாக முறுக்கிப் போடும் பழக்கம் இதனால்தான் ஆபத்தானது. ஃப்யூஸ் போகாது, ஒயர் எரியும்.

ஒயர் எவ்வளவு தாங்கும்? பைப்பில் செல்லும் பி.வி.சி. செம்பு ஒயருக்கு, 30 டிகிரி வெப்பத்தில், ஐ.இ.சி. 60364 அட்டவணை தரும் அளவுகள்: 1.5 சதுர மி.மீ. எனில் 17.5 ஆம்பியர், 2.5 எனில் 24 ஆம்பியர். நம் ஊர் வெயிலுக்கு 40 டிகிரி எனக் கொண்டால் 0.87 ஆல் பெருக்க வேண்டும். ஒரே பைப்பில் இரண்டு சர்க்யூட் சென்றால் மேலும் 0.8 ஆல். அப்படிப் பார்த்தால் 2.5 ஒயர் 16.7 ஆம்பியர்தான் தாங்கும். 16 ஆம்பியர் எம்.சி.பி. போடலாம். மூன்று சர்க்யூட்டைத் திணித்தால் 14.6 ஆகக் குறைந்துவிடும். அப்போது அதே 16 ஆம்பியர் எம்.சி.பி. தவறு. 1.5 ஒயருக்கு, இரண்டு சர்க்யூட் எனில், 10 ஆம்பியர் போதும். ‘அடிக்கடி விழுகிறது’ என்று எம்.சி.பி.யைப் பெரிதாக்குவது கண்ணை மூடிக்கொண்டு செய்யும் வேலை.

சரி, உங்களைக் காப்பது எது? எர்த் இருக்கிறதே என நீங்கள் கேட்கலாம். ஒரு கணக்குப் போடுவோம். உங்கள் வீட்டு எர்த்தின் தடை 10 ஓம் என வைத்துக் கொள்வோம். ஃபேஸ் கேபினட்டில் பட்டால் 230 ஐ 10 ஆல் வகுக்க, ஏறத்தாழ 23 ஆம்பியர் மண்ணுக்குப் போகும். 16 ஆம்பியர் எம்.சி.பி. ஒரு மணி நேரத்திற்குள் கட்டாயம் விழ வேண்டிய அளவே 23.2 ஆம்பியர்தான்! அதுவரை கேபினட்டில் மின்சாரம் இருந்து கொண்டே இருக்கும். ஈரக் காலோடு மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு வருபவர் அதைத் தொட்டால் என்னாகும்? ஆகவே எர்த்தோடு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம் வேண்டும். போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் 30 மில்லி ஆம்பியர் வேறுபட்டாலே அது 0.3 விநாடிக்குள் துண்டித்துவிடும். ஆனால் அதிக லோடுக்கு அது விழாது. எம்.சி.பி.யும் வேண்டும், இதுவும் வேண்டும்.

எர்த் பைப்பைப் பொறுத்தவரை, ஐ.எஸ். 3043 சொல்வது குறைந்தது 38 மி.மீ. உள்விட்டமும் 2.5 மீட்டர் நீளமும் கொண்ட ஜி.ஐ. பைப். ஏரிக்கரை மண்ணில் உப்பு ஏற்கனவே இருப்பதால் தடை குறைவாகக் கிடைக்கலாம். அதே உப்பு பைப்பையும் தின்றுவிடும். உப்பும் கரியும் கொட்டினால் போதும் என விட்டுவிடாமல், ஆண்டுதோறும் எர்த் தடையை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். கம்பத்திலிருந்து வரும் அலுமினிய ஒயரைச் செம்பு ஒயரோடு வெறுமனே முறுக்கி விடுவதும் கூடாது. உப்பு ஈரத்தில் அலுமினியம் அரித்துவிடும். இரண்டுக்கும் பொருந்தும் பை-மெட்டல் லக் கேட்டு வாங்கவும்.

வேலையை உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரிடம்தான் தர வேண்டும் என்பது மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதி. முடிந்ததும் 500 வோல்ட் மெகரில் இன்சுலேஷனைச் சோதித்திட வேண்டும். ஒரு மெகா ஓமுக்குக் குறையக் கூடாது. அதற்கு முன் கம்ப்யூட்டர், டி.வி., எல்.இ.டி. பல்புகளைக் கழற்றி வைத்திடவும். இல்லையெனில் சோதனையே அவற்றைக் கெடுத்துவிடும்.

இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் கவனிக்க: இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலை மற்ற லைனின் நியூட்ரலோடு சேர்த்துவிட்டால் ஆர்.சி.சி.பி. காரணமில்லாமல் விழுந்து கொண்டே இருக்கும். எரிச்சலில் அதைக் கழற்றி வீசுபவர்களும் உண்டு. இரவில் விழுந்து, ஃப்ரீசரில் இருந்த இறால் கெட்டுப் போன வீட்டில் அந்தக் கோபம் நியாயமானதே. அதற்கு வழி, ஃப்ரீசருக்குத் தனி ஆர்.சி.சி.பி., கம்ப்யூட்டர் இருக்கும் அறைக்குத் தனி ஆர்.சி.சி.பி. கூடுதல் செலவுதான், ஒரு பெட்டி இறாலின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாதம் ஒருமுறை இரண்டிலும் ‘டெஸ்ட்’ பட்டனை அழுத்திடவும். உப்புக் காற்றில் உள்ளிருக்கும் லீவர் இறுகிப் போவதுண்டு. அழுத்தியும் விழாவிட்டால் அன்றே மாற்றிடவும்.