பக்கத்து வீட்டு வாதாங்கொட்டை: பொறுக்க, உடைக்க, சமைக்க

பக்கத்து வீட்டில் நாட்டு வாதாம் மரம் இருந்தால் போதும், காய்ப்புக் காலத்தில் "கொட்டை நிறைய விழுந்து கிடக்கு, எடுத்துக்குங்க" என்று ஒரு மஞ்சப்பை மதில் தாண்டி வந்துவிடும். வேண்டாம் என்று சொல்ல மனசு வராது. வாங்கி வைத்தால், உடைக்கிற வேலைக்குப் பயந்தே பாதிப் பேர் மொட்டைமாடி மூலையில் போட்டுவிடுகிறோம். கடையில் விற்கிற பாதாம் வேறு மரத்துக் காய், இது வேறு. ஆனால் ருசியில் இது ஒன்றும் இளைத்ததில்லை. பெரிய ஓட்டுக்குள் சின்னப் பருப்பு என்பதால், வேலையைச் சுருக்கினால்தான் கட்டுப்படியாகும். அதற்குத்தான் இந்தக் குறிப்புகள், தோழிகளே.

1. நீங்களே போய்ப் பொறுக்குவதாக இருந்தால் காலையில் வாசல் பெருக்குவதற்கு முன்பே போய்விடுங்கள். வெயில் ஏறினால் எறும்பும் வண்டிச் சக்கரமும் முந்திக்கொள்ளும். முதல் நாள் ராத்திரியே மரத்தடியில் கிழிந்த கொசுவலையை விரித்து வைத்தால் குனிந்து குனிந்து பொறுக்க வேண்டியதில்லை, நாலு முனையையும் சேர்த்துத் தூக்கினால் முடிந்தது.

2. வாதாம் பழம் என்றால் வௌவாலுக்கு உயிர். பல் பட்ட பழம், பாதி சப்பிப் போட்ட கொட்டை எதையும் பையில் சேர்க்காதீர்கள். 2018-இல் கோழிக்கோட்டுப் பக்கம் நிபா வந்து பயமுறுத்தியது நினைவிருக்கும். அந்தக் கிருமி பழந்தின்னி வௌவாலிடம் இருப்பது. நாலு கொட்டை குறைந்தால் குறையட்டும்.

3. பிள்ளைகளைப் பொறுக்க அனுப்பினால், எந்த மரத்தடி என்று கூட்டிப்போய்க் காட்டிவிட்டு அனுப்புங்கள். வேலியோரத்துக் காட்டாமணக்கு விதையும் மஞ்சள் அரளிக் கொட்டையும் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். முதலாவது வாந்தி பேதியில் விடும், இரண்டாவது உயிருக்கே உலை. "வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டாமல் எதையும் உடைத்துத் தின்னக் கூடாது" என்ற ஒரே சட்டம் போதும்.

4. நன்றாகப் பழுத்ததன் சதையைப் பிள்ளைகள் கடித்துத் தின்னட்டும், புளிப்பும் இனிப்பும் துவர்ப்புமாக நன்றாகவே இருக்கும். மிச்சமுள்ளதற்குச் சதையைச் சீவி எடுக்கிறேன் என்று கத்தியோடு உட்காராதீர்கள். வெயில் காலத்தில் சதையோடு காயப்போட்டாலே சுருங்கி ஒட்டிக்கொள்ளும், பருப்புக்கு ஒரு கெடுதலும் இல்லை. மழைக்காலத்தில் மட்டும் பூஞ்சை பிடிக்கும் என்பதால், ஈரச் சாக்கில் இரண்டு நாள் கட்டி வைத்து, சதை குழைந்ததும் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவிவிடுங்கள்.

5. அந்தத் துவர்ப்பு இரும்பில் பட்டால் கறுத்துப்போகும். அதனால் பச்சைக் கொட்டையை இரும்புச் சட்டியில் போடாமல் பிளாஸ்டிக் டப்பில் கழுவுங்கள். அரிவாளும் விரலும் கறுத்துவிட்டால் எலுமிச்சை மூடியில் உப்பைத் தொட்டுத் தேய்த்தால் விட்டுவிடும். துணியில் பட்ட சாற்றை மட்டும் காயவே விடாதீர்கள், அப்போதைக்கப்போதே பச்சைத் தண்ணீரில் அலசிவிடுங்கள்.

6. தண்ணீரில் போட்டு, மிதப்பது சொத்தை என்று கழிக்கிற நம் பழைய வித்தை இதில் பலிக்காது. வாதாங்கொட்டையின் மேல்நார் தக்கை மாதிரி லேசானது. நல்ல கொட்டையும் ஜம்மென்று மிதக்கும். கடலில் மிதந்து போய்க் கரை சேர்ந்து முளைக்கிற ஜாதி அது. ஊசிமுனை அளவு ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பதுதான் இதற்குச் சோதனை. இருந்தால் உள்ளே பூச்சி குடியிருக்கிறது.

7. பச்சையாக உடைத்தால் நார் நசுங்குமே தவிர ஓடு பிளக்காது. மொட்டைமாடியில் பரப்பி, பளுவெல்லாம் போய் ஒன்றோடொன்று தட்டினால் "டக் டக்" என்று சத்தம் வரும்வரை காயவிடுங்கள். வடாம் காயப்போடும்போதே பக்கத்தில் இதையும் பரப்பிவிட்டால் காவலுக்குத் தனியாக ஆள் வேண்டாம். அணில் வந்தால் மேலே கொசுவலை.

8. உடைக்கிற சூட்சுமம் முழுக்க விளிம்பில் இருக்கிறது. கொட்டையைக் கையில் உருட்டிப் பாருங்கள், இரண்டு பக்கமும் கரை கட்டினாற்போல் ஒரு வரம்பு ஓடும். படுக்கவைத்து அடித்தால் பருப்பும் சேர்ந்து கூழாகும். ஒரு வரம்பு கல்லில் படும்படி நிமிர்த்தி, மேல் வரம்பில் சுத்தியலால் அளவாகத் தட்டுங்கள். இரண்டு பாதியாகப் பிளந்து, பருப்பு முழுசாகக் கிடைக்கும். முதல் ஐந்தாறு கொட்டை வீணானாலும் பிறகு கை பழகிவிடும்.

9. நிமிர்த்திப் பிடிக்க விரலைக் கொடுக்காதீர்கள். துணி காயப்போடும் கிளிப்பால் கொட்டையைக் கவ்விப் பிடித்து அடித்தால் நகம் தப்பிக்கும். சில்லு தெறிக்காமல் இருக்க அடியில் சாக்கு விரித்து, அதன் ஓரத்தை முன்பக்கம் மடித்து நிறுத்திக்கொள்ளுங்கள்.

10. அம்மியில் வைத்து உடைக்காதீர்கள், கொத்து போய்விடும். டைல்ஸ் தரையும் கூடாது, கீறல் விழுந்தால் கொட்டையின் லாபம் எல்லாம் கொத்தனார் கூலியில் போய்விடும். கதவிடுக்கில் வைத்து நெரிப்பது பிள்ளைகளுக்கெல்லாம் பிடித்த வழி, கீலுக்குத்தான் பிடிக்காது! துவைக்கிற கல் இருந்தால் அதுதான் சரியான இடம். அடுக்குமாடியில் இருப்பவர்கள் கீழ்வீட்டுக்காரர் மதியத் தூக்கத்தில் இருக்கும் நேரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

11. பிளந்த ஓட்டில் பருப்பு ஒட்டிக்கொண்டால் நகத்தால் நோண்டாமல் கோணூசியின் மழுங்கிய பக்கத்தால் நெம்புங்கள். வெளியே வந்த பருப்பை ஒரு நிமிஷம் உற்றுப் பாருங்கள்: பழுப்புத் தோலுக்குள் வெள்ளை இதழ்கள் பாய் சுருட்டினாற்போல் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுற்றியிருக்கும். பிள்ளைகளை உடைக்கிற வேலைக்கு இழுக்க, பிரித்துக் காட்டினாலே போதும்.

12. பை முழுவதையும் ஒரே நாளில் உடைத்துத் தள்ள வேண்டாம். இந்தப் பருப்பில் பாதிக்குப் பாதி எண்ணெய், உடைத்து வெளியே வைத்தால் சீக்கிரம் காறல் வாடை அடிக்கும். ஓட்டோடு காய்ந்த கொட்டை, காற்றோட்டமான கூடையில் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும். உடைத்தது மிஞ்சினால் இறுக்கமான டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள்.

13. சமையலில் சேர்க்குமுன் ஒவ்வொரு கை பருப்பிலிருந்தும் ஒன்றைக் கடித்துப் பாருங்கள். ஒரு காறல் பருப்பு போதும், ஒரு சட்டி குருமாவைக் கெடுக்க. கருத்ததையும் சுருங்கியதையும் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள்.

14. தோல் நீக்க வேண்டுமானால் கொதித்த தண்ணீரில் ஐந்து நிமிஷம் ஊறவிட்டு இரண்டு விரலால் பிதுக்கினால் நழுவிவிடும். வெள்ளைக் குருமாவுக்கும் பாயசத்துக்கும் மட்டும் தோல் நீக்கினால் போதும். பொடிக்கும் சட்னிக்கும் தோலோடே போடலாம்.

15. குருமாவுக்கு முந்திரி அரைக்கிற இடத்தில் இதை அரைத்து விடுங்கள், அதே கெட்டி, அதே வழவழப்பு. தேங்காயையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். விருந்தாளி வருகிற அன்றைக்கு முந்திரிப் பாக்கெட் வாங்குகிற செலவு மிச்சம்.

16. இட்லிப் பொடிக்கு உளுந்தும் கடலைப்பருப்பும் மிளகாயும் வறுத்து இறக்கிய பிறகு, அந்தச் சட்டிச் சூட்டிலேயே வாதாம் பருப்பைப் போட்டுப் புரட்டுங்கள். அரைக்கும்போது மற்றதையெல்லாம் பொடித்துவிட்டுக் கடைசியில் இதைப் போட்டு, மிக்ஸியை விட்டு விட்டு நாலு சுற்று மட்டும் ஓட்டுங்கள். தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் கக்கி உருண்டையாகிவிடும். கொஞ்ச நாளில் தீர்ந்துபோகும் அளவுக்கு மட்டும் செய்யுங்கள்.

17. இனிப்பு செய்ய ஆசைப்பட்டால் முழுக்க வாதாமில் செய்யப் பார்க்காதீர்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். வறுத்த வேர்க்கடலையும் பொட்டுக்கடலையும் பெரும்பங்கு, வாதாம் ஒரு கைப்பிடி, எல்லாவற்றையும் உருட்டுப் பதப் பாகில் புரட்டி உருண்டை பிடித்தால் கடிக்குக் கடி ருசி தெரியும். பாதாம் பால், எண்ணெய் எடுப்பது இதெல்லாம் இந்தக் கொட்டைக்கு வேலை மெனக்கெட்ட காரியம்.

18. கேசரிக்கும் பாயசத்துக்கும் நெய்யில் வறுத்துப் போடும்போது அடுப்பு சிம்மிலேயே இருக்கட்டும். முந்திரியைவிட மெல்லிய பருப்பு, நிறம் மாறத் தொடங்கினால் மளமளவென்று கருகிவிடும். பொன்னிறம் வருவதற்குச் சற்று முன்பே இறக்கிவிட்டால் நெய்ச் சூடே மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

19. கொட்டை வகை ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் இப்போது நிறைய வீடுகளில் உண்டு. மற்ற வீட்டுக்குக் கொடுக்கும்போது "இதில் நாட்டு வாதாம் போட்டிருக்கேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிக் கொடுங்கள். முதல்முறை சாப்பிடுபவர்கள் ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

20. கொட்டை வந்த பையையோ தூக்கையோ வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் நமக்குக் கிடையாதே. பொடி அரைத்த கையோடு ஒரு சின்ன பாட்டிலில் போட்டு அனுப்பிவிடுங்கள். பெரும்பாலும் மரத்துக்காரர் வீட்டில்தான் அதை உடைக்க ஆள் இருக்காது! வயசானவர்கள் இருக்கும் வீடென்றால் இடித்த பொடியாகக் கொடுப்பது பல்லுக்கும் சௌகரியம்.

21. ஓட்டை எறியாதீர்கள், நின்று எரியும். வெந்நீர் அடுப்பு வைத்திருப்பவர்களுக்கு ஒரு பக்கெட் ஓடு, விறகுச் செலவில் அந்த அளவுக்கு மிச்சம். அடுப்பே இல்லாதவர்கள், பூந்தொட்டியின் அடியில் ஓட்டாஞ்சில்லுக்குப் பதில் இதைப் பரப்பலாம். தொட்டியும் கனக்காது, தண்ணீரும் தேங்காது.

22. இரண்டு கொட்டையை முளைக்க விட ஆசையென்றால் உடைக்காமல் அப்படியே மண்ணில் பாதி புதைத்து ஈரம் காயாமல் பாருங்கள். மூன்று நான்கு வருஷத்தில் காய்க்கத் தொடங்கும். ஆனால் தட்டுத் தட்டாகக் கிளைவிட்டு அகலமாகப் பரவுகிற மரம், மதிலோரத்திலும் கரண்ட் கம்பிக்கு அடியிலும் இடம் கொடுக்காதீர்கள்.

23. வருஷத்துக்கு இரண்டு தடவை சிவந்து உதிரும் இலை, மாடி மழைநீர்க் குழாயை அடைத்துவிடும். குழாய் வாயில் கம்பி வலை ஒன்று செருகி வையுங்கள். முழு இலையாக உரக்குழியில் போட்டால் மக்க நாளாகும், நொறுக்கிப் போடுங்கள். காய்ந்த நல்ல இலையாக நாலைந்து எடுத்துக் கழுவி வைத்தால், ஃபைட்டர் மீன் வளர்க்கிற பிள்ளைகள் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். தொட்டித் தண்ணீர் டீ நிறமாக மாறும், அந்த மீனுக்கு அதுதான் பிடிக்கும். சென்னை கொளத்தூர் மாதிரி மீன் கடைகள் நிறைந்த இடங்களில் இதே இலை காசுக்கு விற்கிறது.