ஏழைக் குடும்பங்களுக்கு ரொக்கப் பண உதவி

ஏழைக் குடியானவனுக்கு உதவி செய்ய விரும்புவோர் தானியமாகவோ, விதையாகவோ, கால்நடையாகவோ கொடுப்பது வழக்கம். ரொக்கமாகக் கொடுத்தால் அது குடியிலும் வீண் செலவிலும் அழிந்துபோகும் என்பது பலருடைய அபிப்பிராயம். இது சரிதானா என்பதைக் கென்யா தேசத்தில் முறையாகப் பரீட்சித்துப் பார்த்திருக்கிறார்கள். அதன் விவரங்கள் நிலமுடையோரும் கிராம உத்தியோகஸ்தர்களும் அறியத் தக்கவை.

உதவியின் விதம்.—கென்யாவின் மேற்குப் பாகத்தில் விக்டோரியா ஏரியையடுத்து ஸியாயா என்னும் பிரதேசம் உள்ளது. அதைச் சேர்ந்த ராரியேடாவில் 2011-ம் வருஷம் முதல் 2013 வரை கிவ்டைரக்ட்லி என்னும் தர்ம ஸ்தாபனத்தார், புல் வேய்ந்த கூரையையே ஏழ்மைக்கு அடையாளமாகக் கொண்டு, அத்தகைய வீடுகளில் சிலவற்றைக் குலுக்கல் முறையில் தெரிந்தெடுத்துப் பணம் வழங்கினார்கள். பணம் கைப்பேசி மூலமாகவே போய்ச் சேர்ந்தது. திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. இன்னதற்கே செலவிட வேண்டுமென்ற நிபந்தனையும் இல்லை. சிலருக்கு மாதத் தவணையாகவும், சிலருக்கு ஒரே தொகையாகவும் கொடுக்கப்பட்டது.

கண்ட பலன்கள்.—பணம் பெற்ற வீடுகளில் பட்டினி குறைந்தது, உணவுச் செலவு கூடியது, கால்நடைகள் பெருகின. மதுவுக்கும் புகையிலைக்கும் செய்யும் செலவு அதிகரிக்கவில்லை. மனக் கவலையும் தணிந்தது. மாதத் தவணை பெற்றோர் வீட்டில் சாப்பாட்டு நிலை திருந்தியது. மொத்தமாகப் பெற்றோர் தகரக் கூரை போன்ற நிலையான சாமான்களை அதிகமாக வாங்கினர். புல் கூரையை அடிக்கடி மாற்றி வேயும் செலவு தகரத்தால் மிச்சமாகிறது. அன்றாடக் கூலியில் சிறுகச் சிறுகச் சேர்த்து இத்தகைய செலவைச் செய்வது ஏழைக்கு எளிதன்று. ஆயினும், அக்குறுகிய காலத்தில் தேகாரோக்கியத்திலும் குழந்தைகளின் படிப்பிலும் சொல்லத்தக்க அபிவிருத்தி காணப்படவில்லை.

அண்டை வீட்டார் நிலை.—2014 முதல் 2017 வரை ஸியாயாவின் 653 கிராமங்களில் நடந்த பெரிய பரீட்சையில், ஏறக்குறைய 10,500 குடும்பங்களுக்குத் தலைக்குச் சுமார் 1,000 டாலர் அளிக்கப்பட்டது. அப்பணம் உள்ளூர்க் கடைகளிலும் தொழில்களிலும் கூலியிலும் புரண்டமையால், உதவி பெறாதாரின் வருமானமும் செலவும் உயர்ந்தன. ஒரு டாலருக்கு ஏறக்குறைய இரண்டரை டாலர் பெறுமான நடமாட்டம் உண்டானதாகக் கணக்கிட்டார்கள். விலைவாசி ஏறியதோ ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவே.

கவனிக்க வேண்டியவை.—சாமான்கள் வந்து சேரக்கூடிய சந்தை அருகில் இருந்தால்தான் பணம் பயன்படும். பண்டம் வராத இடத்தில் அது விலையை ஏற்றிவிடக்கூடும். பாதை, கிணறு, பள்ளிக்கூடம், கால்நடை வைத்தியம் ஆகியவற்றைத் தனிக் குடும்பம் தன் பணத்தால் அமைத்துக்கொள்ள இயலாது. அவை பொதுச் செலவிலேயே நடைபெற வேண்டும். பயனாளிகளைத் தெரிந்தெடுக்கும் முறை ஊரார் யாவரும் அறியக் கூடியதாக இருந்தால் மனஸ்தாபத்துக்கு இடமிராது. குறித்த நாளில் குறித்த தொகை கைக்கு வந்து சேருமாயின், குடியானவன் விதைப்புக்கும் வீட்டுச் செலவுக்கும் முன்கூட்டியே திட்டமிடலாம். நாள் தவறினால் அவன் மறுபடியும் வட்டிக் கடனையே நாட நேரும்.