இயற்கையும் சமுதாயமும்: நம் பள்ளத்தாக்கு கற்பிக்கும் பாடம்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. வேதியியல் மாணவர்)

இயற்கையை அன்னை என்கிறோம். அன்னையின் சொத்தைப் பங்கிடும்போதுதான் பிள்ளைகளின் குணம் தெரியும் என்பது நம் ஊர்ப் பெரியவர்கள் கண்ட உண்மை. சமுதாயத்திற்கும் இயற்கைச் சூழலுக்கும் உள்ள உறவைப் பற்றிச் சமூகவியல் அறிஞர்கள் பல கொள்கைகளை வகுத்துள்ளனர். வேதியியல் மாணவனாகிய நான் அவற்றைப் படித்தபோது, ஒவ்வொன்றையும் நம் தேனி மாவட்டத்து நிலத்திலும் நீரிலும் உரசிப் பார்க்கத் தோன்றியது. அதன் விளைவே இக்கட்டுரை.

மனிதன் விதிவிலக்கானவனா?

பிரெஞ்சு அறிஞர் எமில் துர்க்கைம் 1895இல் வெளியிட்ட தம் நூலில், சமூக நிகழ்வுகளுக்குச் சமூகக் காரணங்களையே தேட வேண்டும் என்று வற்புறுத்தினார். சமூகவியல் தனி அறிவியலாக வளர இக்கருத்து பெரிதும் உதவியது. ஆயினும் மண்ணும் மழையும் ஆய்வுக்கு வெளியே நிறுத்தப்பட்டன.

அதே 1895ஆம் ஆண்டில்தான் பென்னிகுவிக் கட்டிய பெரியாற்று அணையின் நீர் முதன்முதலாக நம் பக்கம் திறந்துவிடப்பட்டது. மேற்கே ஓடி அரபிக்கடலில் கலந்த நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பியது. 1876-78இல் சென்னை மாகாணத்தை உலுக்கிய பஞ்சம் இத்திட்டத்திற்கு வேகம் தந்தது. 1886இல் திருவிதாங்கூருடன் செய்துகொண்ட 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் அதற்கு வழி திறந்தது. இன்று லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைவது இந்நீரால்தான். இப்பள்ளத்தாக்கின் குடியிருப்புகளையும் கூலியையும் சந்தையையும் அந்த ஆற்றை விட்டுவிட்டு விளக்க முடியுமா?

அமெரிக்கச் சமூகவியலாளர்களான கேட்டனும் டன்லப்பும் 1978இல் இக்குறையையே சுட்டிக் காட்டினர். இயற்கையின் விதிகளிலிருந்து மனிதன் விலக்குப் பெற்றவன் என்ற எண்ணம் சமூகவியலில் ஊறிக் கிடக்கிறது என்றும், மனிதனும் பிற உயிர்களைப் போலச் சூழலின் எல்லைகளுக்கு உட்பட்டவனே என்றும் அவர்கள் வாதிட்டனர். தென்மேற்குப் பருவமழை பொய்க்கும் ஆண்டில் முதல் போகத்திற்கு நாற்றுப் பாவக் காத்திருக்கும் விவசாயிக்கு இக்கொள்கையை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

கண்மாய் யாருடையது?

பொதுவான மேய்ச்சல் நிலத்தில் ஒவ்வொருவரும் தம் மாட்டை அதிகப்படுத்திக்கொண்டே போவர். முடிவில் நிலம் அழியும் என்று 1968இல் காரெட் ஹார்டின் எழுதினார். எனவே பொதுச் சொத்து அரசின் கையிலோ தனியார் கையிலோ இருக்க வேண்டும் என்ற எண்ணம் பரவியது. இதனை மறுத்தவர் எலினார் ஆஸ்ட்ரம் அம்மையார். ஸ்பெயினிலும் பிலிப்பைன்ஸிலும் பாசன விவசாயிகள் தாங்களே விதி வகுத்து, தாங்களே காவல் காத்து, நீரைத் தலைமுறை தலைமுறையாகப் பங்கிட்டு வந்ததை 1990இல் வெளிவந்த நூலில் அவர் விளக்கினார். 2009இல் பொருளாதார நோபல் பரிசைப் பெற்ற முதல் பெண்மணியும் அவரே.

நம் கண்மாய்களின் குடிமராமத்து முறை ஆஸ்ட்ரம் கூற்றுக்கு நல்ல சான்று எனலாம். ஊர் கூடித் தூர் வாரியது, கரையை உயர்த்தியது, முறை வைத்து நீர் பாய்ச்சியது. ஆனால் இங்கே ஒன்றைச் சொல்லாமல் இருக்க என்னால் இயலவில்லை. என் பாட்டனார் நீர்பாய்ச்சியாக இருந்தவர். நடு இரவில் மடை திறந்தவரும், வெள்ளக் காலத்தில் கரையில் படுத்துக் காவல் காத்தவரும் அவரே. அறுவடைக் களத்தில் அளந்து போடும் நெல்லே அவருக்குக் கூலி. எந்த வயலுக்கு எவ்வளவு நீர் வேண்டும் என்பது அவருக்கு அத்துப்படி. அவருக்கென்று ஒரு குழி நிலம் கிடையாது. ஊர்க் கூட்டத்தில் அமர்ந்து பேசும் உரிமையும் கிடையாது. ஊர் சேர்ந்து காத்த சொத்து உண்மைதான். அந்த ஊரில் யார் யார் சேர்த்தி என்ற கேள்வியையும் நாம் கேட்க வேண்டும்.

மலைமேல் பாதரசம்

செர்னோபில் அணு உலை விபத்து நிகழ்ந்த 1986ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் உல்ரிக் பெக் தம் 'இடர்ச் சமுதாயம்' என்னும் கருத்தை வெளியிட்டார். பழைய சமுதாயம் செல்வத்தைப் பங்கிடுவதில் போராடியது. புதிய சமுதாயம் தானே உண்டாக்கிய ஆபத்துகளைப் பங்கிடுவதில் போராடுகிறது என்பது அவர் கருத்து. இவ்வாபத்துகள் இறுதியில் செல்வந்தரையும் விடமாட்டா என்றும் அவர் கருதினார்.

இதற்கு நம் தலைக்கு மேலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1980களில் அமெரிக்காவிலிருந்து கொடைக்கானலுக்கு ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை கொண்டுவரப்பட்டது. பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடி பழைய சாமான் கடையில் கண்டெடுக்கப்பட்டு, மக்கள் போராடியதால் 2001இல் அது மூடப்பட்டது. பாதரசம் சாதாரண வெப்பநிலையிலேயே ஆவியாகும். அந்த ஆவிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நீர்நிலையை அடைந்தால் நுண்ணுயிர்கள் அதனை மெத்தில் பாதரசமாக மாற்றும். அது மீன்களின் உடலில் சேரும். இவ்வளவும் என் பாடநூல் வேதியியல். அமெரிக்காவில் இருந்த ஆலை ஏன் நம் சோலைக்காட்டின் விளிம்புக்கு வந்தது என்பதற்கு வேதியியலில் விடை இல்லை. முதலில் அதைச் சுவாசித்தவர்கள் அங்கே வேலை செய்த தொழிலாளர்கள். முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கு உடன்பாடு ஏற்பட்டது 2016இல். ஆலை மூடிப் பதினைந்து ஆண்டுகள் கழித்து! ஆபத்து எல்லோருக்கும் பொது என்றாலும், அது வரிசையில் முதலில் தொடுவது ஏழையைத்தான்.

முடிவுரை

மாதவ் காட்கிலும் இராமச்சந்திர குஹாவும் 1995இல் எழுதிய நூலில் இந்திய மக்களை மூவகையாகப் பிரித்தனர்: எங்கிருந்தும் எதையும் வரவழைத்து நுகர்வோர்; சுற்றியுள்ள காட்டையும் நீரையும் நம்பி வாழ்வோர்; அந்த ஆதாரத்தை இழந்து நகரங்களுக்குப் பெயர்ந்த சூழல் அகதிகள். மேற்கண்ட கொள்கைகளை எல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குத் தெளிவாவது இதுதான்: இயற்கையோடு மனிதன் கொள்ளும் உறவு, மனிதனோடு மனிதன் கொள்ளும் உறவைப் பொறுத்தே அமைகிறது.

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டில் முதன்முதலாகப் பட்டப்படிப்பிற்கு வந்தவர்கள். இரண்டாம் வகையில் பிறந்து, முதல் வகையை நோக்கிப் படித்துக்கொண்டிருக்கிறோம். நாளை நம்மில் ஒருவர் பொதுப்பணித் துறையிலோ வருவாய்த் துறையிலோ அமர்ந்து ஒரு திட்டத்தில் கையெழுத்திட நேரலாம். அப்போது நீர் எவ்வளவு, செலவு எவ்வளவு என்று பார்ப்பதோடு, இலாபம் யாருக்கு, இழப்பு யாருக்கு, மடை திறப்பவனைக் கேட்டோமா என்றும் பார்ப்போமாக.