ஒரே குட்டையில் ஊறிய மட்டைகளா?

செவ்வாப்பேட்டை

சிரஞ்சீவி மருமகனுக்கு மாமா ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

சென்ற ஞாயிறு மாலை செவ்வாப்பேட்டை ரோடு நிலையத்தில் நாம் இருவரும் மின்ரயிலுக்குக் காத்து நின்றபோது, எதிர்ச் சுவரில் அருகருகே ஒட்டியிருந்த இரண்டு கழகங்களின் சுவரொட்டிகளையும் காட்டி, "இரண்டும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்தானே மாமா, யாருக்கு ஓட்டுப் போட்டால் என்ன?" என்று கேட்டாய். அதற்குள் ரயில் வந்துவிட்டது. சென்ட்ரல் போய், அங்கே வண்டி மாறி, கும்மிடிப்பூண்டியில் இரவு ஷிப்டுக்கு நேரத்தோடு நிற்க வேண்டிய பிள்ளையை நிறுத்தி வைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. உன் வயதில் நானும் இதே வார்த்தைகளைச் சொல்லி, சொன்னதே போதுமென்று பல வருஷங்கள் வாளாவிருந்தவன் ஆகையால், உனக்குப் பதில் எழுதும் கடமை எனக்கு உண்டென்று நினைக்கிறேன்.

உன் அபிப்பிராயத்தில் உண்மையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். நீ வேலை செய்யும் கும்மிடிப்பூண்டி வட்டத்திலேயே தேர்வாய் கண்டிகை என்றொரு கிராமம் இருக்கிறது. ஆடு மாடு மேய்த்தும் காட்டில் விறகு பொறுக்கியும் பிழைத்துவந்த அவ்வூர் மக்கள், பெரும்பாலும் ஆதிதிராவிடர்கள், ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட மேய்க்கால் நிலம் தி.மு.க. ஆட்சியில் சிப்காட் தொழிற்பேட்டைக்குப் போனபோது எதிர்த்துப் போராடினார்கள். 2009-இல் அங்கே ஆலை அமைக்கப் பிரெஞ்சு நாட்டு டயர் கம்பெனியோடு ஒப்பந்தம் ஆயிற்று. 2011-இல் ஆட்சி அ.தி.மு.க.வின் கைக்கு மாறிய பிறகும் அந்த நிலம் மாடுகளுக்குத் திரும்பவில்லை. அந்த ஊராரிடம் போய் இரு கட்சிகளுக்கும் பெரும் பேதம் உண்டென்று பேசுகிற துணிவு எனக்கில்லை. காண்ட்ராக்ட் தொழிலாளியான உன் சொந்த விஷயமும் அப்படித்தான். இருபத்து நான்கு மாதங்களில் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தவரை நிரந்தரத் தொழிலாளியாக்க வேண்டுமென்று எம்.ஜி.ஆர். ஆட்சியில், 1981-இல், இந்த மாநிலம் சட்டம் இயற்றியது. அதன் பின் எத்தனையோ முறை ஆட்சி மாறியும், அந்தக் கணக்கு நிறையாதபடி ஆட்களைக் கழித்துச் சேர்க்கும் காண்ட்ராக்ட் முறை எவர் ஆட்சியிலும் ஒழியவில்லை.

ஆனால் 2023 ஏப்ரலை நினைத்துப் பார். அம்மாதம் 21-ஆம் தேதி, பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிதிறக்கும் தொழிற்சாலைச் சட்டத் திருத்த மசோதாவைத் தி.மு.க. அரசு சட்டமன்றத்தில் நிறைவேற்றியது. இரண்டு மாதம் முன்புதான், பிப்ரவரியில், பாரதிய ஜனதா ஆண்ட கர்நாடகம் இதைப் போன்ற திருத்தத்தைச் செய்திருந்தது. அதுவரைக்கும் பார்த்தால் உன் கூற்றுக்கு இதைவிடச் சிறந்த சாட்சி வேண்டியதில்லை. அதன் பிறகு நடந்ததைக் கவனி. கம்யூனிஸ்டுகளும் காங்கிரஸும் விடுதலைச் சிறுத்தைகளும், ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளாயிருந்தும், சபையை விட்டு வெளிநடப்புச் செய்தார்கள்; எதிர்க்கட்சியான அ.தி.மு.க. ஆட்சேபித்தது, தி.மு.க.வின் சொந்தத் தொழிற்சங்கமான தொ.மு.ச.வே எதிர்த்து நின்றது. மூன்றாம் நாள் மசோதா நிறுத்திவைக்கப்பட்டது. மே முதல் தேதி முதலமைச்சர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். கர்நாடகத்திலோ அங்கே செய்த திருத்தம் சட்டமாகவே நின்றது. 1923-ஆம் வருஷத்து மே தினத்தில், இந்தியாவிலேயே முதன்முதலாக, சிங்காரவேலர் சென்னையில் கொடியேற்றி நூறாண்டு நிறைந்த அதே நாளில் முதலமைச்சரின் அந்த அறிவிப்பு வந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் என் நெஞ்சு நிறைகிறது.

இதிலிருந்து நான் கண்டது என்னவென்றால், கட்சி என்பதை ஒரே மனமும் ஒரே நாக்கும் உடைய ஓர் ஆளாகப் பாவித்து, இவனும் அவனும் ஒருவனா என்று நாம் கேட்டுக்கொண்டிருப்பது தவறு. அதற்குள்ளே முதலாளியின் சொல் ஏறும் காதும் உண்டு, தொழிலாளியின் சொல் ஏறும் காதும் உண்டு. எந்தக் காதில் யார் போய்ப் பேசுகிறார்கள் என்பதைப் பொறுத்தே அக்கட்சியின் செய்கை அமைகிறது. தேர்வாய் கண்டிகையார் ஓர் ஊராராய்த் தனித்து நின்றார்கள். மசோதாவை எதிர்த்தவர்களுக்கு மாநிலமெங்கும் சங்கம் இருந்தது.

யாருக்கு ஓட்டுப் போட்டால் என்ன என்கிறாயே, அதற்கும் பதிலாக ஒரு வரலாறு உண்டு. 1979-இல் எம்.ஜி.ஆர். அரசு, வருஷத்துக்கு ஒன்பதாயிரம் ரூபாய்க்கு மேல் வருமானமுள்ள பிற்படுத்தப்பட்ட குடும்பங்களுக்கு இட ஒதுக்கீடு இல்லையென்று ஆணையிட்டது. திராவிடர் கழகமும் தி.மு.க.வும் ஊர் ஊராக எதிர்த்தன. 1980 ஜனவரியில் நடந்த மக்களவைத் தேர்தலில் 39 இடங்களில் இரண்டே இரண்டு அ.தி.மு.க.வுக்குக் கிடைத்தன. தேர்தல் முடிந்த சில வாரங்களில் அந்த வருமான வரம்பு நீக்கப்பட்டதோடு, 31 விழுக்காடாக இருந்த ஒதுக்கீடு 50 விழுக்காடாகவும் உயர்த்தப்பட்டது. உயர்த்தியவரும் அதே எம்.ஜி.ஆர்.தான். ஆட்சியாளர் மாறாமலே ஆட்சியின் போக்கை மாற்றிய ஓட்டு அது.

இன்னும் நீண்ட கதையொன்று நம் வீட்டிலேயே இருக்கிறது. இந்தச் செவ்வாப்பேட்டை வீட்டை உன் அம்மாவும் நானும் சரிபாதியாகப் பத்திரம் பதிந்துகொண்டபோது, கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பங்கு எதற்கு என்று உறவினர் சிலர் என்னிடம் நேரிலேயே கேட்டார்கள். பெண்ணுக்கும் ஆணுக்கும் சொத்தில் சம உரிமை வேண்டுமென்று 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மாநாடு தீர்மானித்தது. அது இம்மாநிலத்தில் சட்டமானது 1989-இல், கலைஞர் ஆட்சியில். இடையில் அறுபது வருஷங்கள்! அந்தத் தீர்மானத்துக்குக் கை தூக்கியவர்களில் எத்தனை பேர் சட்டத்தைக் கண்டிருப்பார்கள்? பின்னர் வந்த அ.தி.மு.க. ஆட்சி அதைத் தொடவில்லை. 2005-இல் காங்கிரஸ் தலைமையிலான மத்திய அரசு அவ்வுரிமையை நாடு முழுமைக்கும் விரித்தது. பகைக் கட்சிகள் ஒன்றுபோலாவது எப்போதும் கேடு என்று எண்ணாதே. பள்ளியில் நீ உண்ட சத்துணவு 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கியது, அதற்கும் முன்னே காமராஜர் தொடங்கியது. அதன் மேல் வைத்த முட்டை கலைஞர் ஆட்சியில் வந்தது. எதிரி கொடுத்ததைப் பறிக்க எவரும் துணியாத நிலையை ஜனங்கள் உண்டாக்கி வைத்தார்கள்.

இங்கிலாந்திலும், நெசவாலைகளில் பெண்களுக்கும் சிறுவர்க்கும் பத்து மணி நேர வேலை என்ற சட்டம் 1847-இல் வருவதற்குப் பதினேழு வருஷம் கிளர்ச்சி செய்தார்கள். அதற்கு டோரிக் கட்சியாரிலும் ஆதரவாளர் இருந்தார்கள், விக் கட்சியாரிலும் இருந்தார்கள், இரு பக்கத்திலும் விரோதிகளும் இருந்தார்கள்.

ஆகவே ஓட்டுப் போடு. இருவரில் எவரிடம் உன் போன்றோரின் சொல் எடுபடும் என்று விசாரித்துப் போடு. போட்ட பிறகு ஐந்து வருஷம் உறங்கிவிடாதே. உன் ஆலையில் சங்கம் இருந்தால் சந்தா கட்டிச் சேர். இல்லையேல் பக்கத்து ஆலைச் சங்கத்தாரைப் போய்ப் பார். மே தினத்தன்று இங்கே கிராம சபை கூடும். லீவு கிடைத்தால் வா, இருவரும் போவோம். இதற்கெல்லாம் முன்பாக ஒரு காரியம் செய். ஊதியச் சீட்டு ஒன்றையும் எறியாதே. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இதுவரை எந்தெந்தத் தேதியில் வேலை செய்தாய், எப்போது நிறுத்தி வைத்து மறுபடி எடுத்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி, அடுத்த முறை வரும்போது கொண்டுவா. 480 நாள் ஆயிற்றா என்று சேர்ந்து எண்ணிப் பார்ப்போம்.

அன்புள்ள
மாமா