கராஜ் ஹீற்றரின் புகை உண்மையில் வெளியேதான் போகிறதா?

ரொறன்ரோப் பக்கம் கராஜைத் தச்சுப் பட்டறையாக்கியவர்கள் ஹீற்றர் எவ்வளவு சூடு தரும் என்று நுணுக்கமாக விசாரிக்கிறார்கள். புகையைப் பற்றிப் பேச்செடுத்தால், "குழாயை வெளியாலை விட்டாச்சு, காணாதே அண்ணை?" என்கிறார்கள். காணாது.

குழாயே தேவையில்லை என்று விற்கும் காஸ் ஹீற்றரையும், புரொப்பேன் சிலிண்டரின் தலையில் பூட்டும் ரகத்தையும் மூடிய கராஜுக்குள் கொண்டுவர வேண்டாம். எரிவதற்கான காற்றை ஒரு குழாயால் வெளியிலிருந்து எடுத்து, புகையை மற்றக் குழாயால் வெளியே தள்ளும் மூடிய ரகத்தையே வாங்குங்கள். விலை கூடத்தான். மரத்தூளும் வார்னிஷ் ஆவியும் மிதக்கும் அறையின் காற்று சுவாலைக்குப் போகாமல் இருக்க, அந்தக் காசைக் கொடுக்கலாம்.

ஹீற்றரைக் கூரையோடு தொங்கவிடுங்கள். கராஜில் காரும் நிற்குமென்றால், தீ எரியும் பகுதி தரையிலிருந்து குறைந்தது 18 அங்குலம் உயர வேண்டும். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரம், தரையோடு படரும். காஸ் இணைப்பு, ஒன்ராறியோவில் தொழில்நுட்பப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் டி.எஸ்.எஸ்.ஏ.யில் பதிவுபெற்ற ஒப்பந்தகாரரின் வேலை. அதில் கைவைக்காதீர்கள்.

புகைக்குழாய் எந்த ரகம், எந்தப் பக்கம் சரிவு என்பது ஹீற்றரோடு வரும் கையேட்டில் இருக்கும். தானாக மேலெழும் புகைக்கு இரட்டைச் சுவருள்ள பி-வென்ற் குழாய். படுக்கையாகப் போகும் ஒவ்வோர் அடிக்கும் கால் அங்குலம் மேல்நோக்கி ஏற வேண்டும், மரச்சட்டத்திலிருந்து ஓர் அங்குலம் விலக வேண்டும். உடுப்புக் காயவைக்கும் மெஷினின் மெல்லிய அலுமினியக் குழாயை இதற்குப் பூட்டவே கூடாது.

பலர் தடுக்கி விழும் இடம் இனித்தான். பெயின்ற் அடிக்கும்போது போடும் விசிறியும், தூளை வெளியே கொட்டும் தூசி உறிஞ்சியும் அறைக் காற்றை வெளியே தள்ளுகின்றன. குளிருக்காகக் கதவிடுக்கெல்லாம் அடைத்தாயிற்று. போன காற்றுக்கு ஈடாகக் காற்று எங்கேயிருந்தாவது உள்ளே வரவேண்டுமே? தானாகப் புகை மேலெழும் பழைய ரக ஹீற்றர் என்றால், அது புகைக்குழாய் வழியாகவே வரும். காபன் மொனொக்சைட்டும் கூடவே இறங்கும்; அதற்கு மணமில்லை, நிறமில்லை. தூளைப் பையில் பிடித்துக் காற்றை அறைக்குள்ளேயே விடும் உறிஞ்சியால் இந்தச் சிக்கல் வராது.

பழைய ரகம் வைத்திருந்தால் இதைச் சோதித்தே ஆக வேண்டும். கதவுகளை எல்லாம் மூடுங்கள். வெளியே தள்ளும் விசிறிகளை எல்லாம் போடுங்கள். ஹீற்றரை ஐந்து நிமிடம் எரியவிட்டு, புகை குழாய்க்குள் ஏறும் திறந்த வாயருகே ஊதுபத்தியைப் பிடியுங்கள். பத்திப்புகை வளைந்து உள்ளே இழுபட்டால் சரி. தயங்கி நின்றாலோ உங்கள் முகத்துக்கு வந்தாலோ உடனே ஹீற்றரை நிறுத்துங்கள். கதவைக் கொஞ்சம் திறந்துவைத்துச் சமாளிக்கலாம் என்பார்கள். பனிக்காற்று அடிக்கும் நாளில் யார் திறப்பது? வெளிக்காற்று வர நிரந்தர வழி வைக்க வேண்டும், அல்லது மூடிய ரகத்துக்கு மாற வேண்டும். வார்னிஷும் தின்னரும் கையிலிருக்கும்போது பழைய ரகத்தை மூட்டவே வேண்டாம்.

சுவரால் வெளியேறும் குழாயின் வாய், அங்கே குவியக்கூடிய பனியின் மட்டத்துக்கு ஓரடியாவது மேலே இருக்கட்டும். வீட்டுக்குள் காற்றை இழுக்கும் இயந்திரத்தின் வாயிலிருந்து ஆறடி தள்ளி வையுங்கள். பனி கொட்டிய காலையில் முதலில் புகைக்குழாயின் வாயைப் போய்ப் பாருங்கள். ஒன்ராறியோவின் வுட்ஸ்ரொக் நகரில் 2008இல் அடைபட்ட புகைக்குழாயால் ஒரே குடும்பத்தில் நால்வர் இறந்தார்கள். வீடுகளில் காபன் மொனொக்சைட் அலாரத்தைக் கட்டாயமாக்கிய 2013ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அவர்களின் குடும்பப் பெயரே வைக்கப்பட்டது.

அந்த அலாரம் படுக்கையறைகளுக்கு அருகே கட்டாயம் வேண்டும். கராஜோடு ஒட்டிய அறையிலும் ஒன்று வையுங்கள். கராஜுக்குள் வைப்பதானால் அந்தக் குளிரைத் தாங்கும் என்று கையேட்டில் எழுதியிருக்க வேண்டும். வேலைக்கிடையில் தலையிடியோ குமட்டலோ வந்தால், பிடித்த பலகையை அப்படியே போட்டுவிட்டு, வீட்டிலுள்ளவர்களையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்து 911ஐ அழையுங்கள்.